நல்ல பிளம்பர் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்



எங்கள் தெருவாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் வராத நாள், மின்தடை, வழிதவறிய நாய்க்குட்டி, துக்கச் செய்தி எல்லாம் அதில் வரும். மாதம் தவறாமல் வருகிற கேள்வி ஒன்றும் உண்டு: "நல்ல பிளம்பர் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்."

இந்தக் கேள்வியில் "நல்ல" என்ற சொல் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தச்சர் செய்த நாற்காலியை ஆட்டிப் பார்த்து வாங்கலாம். தையற்காரர் தைத்த சட்டையை அணிந்து பார்க்கலாம். பிளம்பரின் வேலையோ சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் புதைந்து போகிறது. மரையில் டேப் போதிய அளவு சுற்றப்பட்டதா, பசை இறுகும் வரை பொறுத்திருந்துதான் தண்ணீரைத் திறந்துவிட்டாரா, கழிவுநீர்க் குழாய்க்கு வேண்டிய வாட்டம் கொடுத்தாரா என்பதெல்லாம் வேலை நடந்த அன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து அடுத்த அறையின் சுவர் வந்து சொல்லும். ஆகவே முன்பின் அறியாத ஒருவரை வீட்டுக்குள், அதுவும் குளியலறை வரைக்கும் விடுவதற்கு நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அவரை முன்பு அழைத்த அயலாரின் வாய்ச்சொல். அந்த வாய்ச்சொல்லைக் குறித்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அதில் நான் இரண்டு முறை தவறியிருக்கிறேன். சபையார் சிலருக்கு இது தெரியும். மற்றவர்களுக்கும் தெரிவது நல்லது.

சென்ற ஐப்பசியில் எங்கள் குருமனையின் குளியலறையில் ஒரு குழாய் ஒழுகத் தொடங்கியது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரை அழைத்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இரண்டு ஓடுகளைப் பெயர்த்தெடுத்து, வெடித்திருந்த எல்போவை மாற்றினார். "உடனே பூசிர வேண்டாம் ஐயா, பத்து நாள் திறந்தே கிடக்கட்டும். கசிவு இல்லைன்னு உறுதியான பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு மூடிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்ட கூலியைக் கொடுத்தேன். பத்து நாள் கழிந்தது. குளியலறைக்கு அடுத்த படுக்கையறையின் சுவரில் ஓதம் ஏறியது; சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது.

"அவரையே கூப்பிட்டு ஒருமுறை காட்டலாமே" என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. அன்று இரவே தெருக் குழுவில், அவருடைய பெயரைக் குறிப்பிட்டே, அவரை யாரும் அழைக்க வேண்டாம், வேலை சுத்தமில்லை, பணமும் போயிற்று, சுவரும் போயிற்று என்று எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் பதில்கள் குவிந்தன. "நல்லவேளை சொன்னீர்கள், ஐயா." "நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்." "கூலியும் அதிகம் என்கிறார்கள்." எழுதியவர் போதகர் அல்லவா? போதகர் பொய் சொல்லமாட்டார். நான் பொய் சொல்லவில்லைதான். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். இவ்விரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அதுவரை நம்பியிருந்தேன்.

கார்த்திகை நடுவில் மூத்த பிளம்பர் ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கருவிப் பையைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விகளைத்தான் கேட்டார். ஈரம் எந்த நேரத்தில் கூடுகிறது? எப்போது குறைகிறது? குளித்த பிறகா? மோட்டார் போட்ட பிறகா? எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஓதத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு வரைந்தார். குளியலறைக்குப் போகும் கேட் வால்வை அடைத்துவிட்டு, ஒரு நாள் அந்த அறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். மறுநாள் வந்து பார்த்தார், ஈரம் குறையவில்லை. "அப்ப இது குழாய்த் தண்ணி இல்ல" என்றார். பிறகு மொட்டைமாடிக்கு ஏறி, மழைநீர் இறங்கும் துளை அருகே நான்கு வாளித் தண்ணீரை ஊற்றினார். அரை மணி நேரத்துக்குள் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டியது.

மழைநீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்ளாக இறங்குகிறது. அதன் வளைவில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டிருக்க, மேலே இருந்த இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஐப்பசி மழை இறங்கியபோதெல்லாம் தண்ணீர் சுவருக்குள் போயிருக்கிறது. மாடியைக் கூட்டி அந்தத் துளையைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் நாங்கள். மூன்று வருடமாகச் செய்யவில்லை. (அந்த வேப்பமரத்தின் ஒரு கிளையையும் வெட்டக் கூடாது என்று பிடிவாதம் செய்தவனும் நான்தான்.)

குளியலறையை விட்டு வெளியே வரும்போது அந்தப் பெரியவர், பெயர்த்த ஓடுகளின் இடத்தில் குனிந்து பார்த்தார். நாங்கள் அதை இன்னும் மூடியிருக்கவில்லை. "இந்த எல்போவ யாரு போட்டது? நல்லாப் போட்டிருக்கானே" என்றார். அந்த இணைப்பும் அதைச் சுற்றிய செங்கலும் உலர்ந்து கிடந்தன. ஒரு மாதமாக அது என் கண் முன்னே திறந்து கிடந்தது. பார்ப்பதற்காகவே திறந்து வைத்துவிட்டுப் போனார் ஒரு மனிதர். நான் குனிந்து பார்க்கவில்லை.

அன்று மாலையே அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். "நீங்க எழுதுன பிறகு அந்தத் தெருவுல யாரும் கூப்பிடல ஐயா. இந்தப் பக்கமும் ரெண்டு வீட்டுல வேலை நின்னுபோச்சு" என்றார். சற்று நேரம் கழித்து, "ஒரு போன் போட்டிருந்தா வந்து பாத்திருப்பேன்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒரு சகோதரனிடத்தில் குற்றம் கண்டால் முதலில் அவனிடம் தனியே போய்ப் பேசு என்று ஆண்டவர் போதித்ததை மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! சேகரத்தில் இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்தபோது அந்த வசனத்தைக் காட்டித்தான் அவர்களைக் கண்டித்தேன். அந்த மனிதர் மத்தேயுவை வாசித்தவர் அல்லர். வேறு சமயத்தைச் சேர்ந்தவர். அந்த அதிகாரத்தின் ஒழுங்கை அவர் எனக்கு ஒரே வரியில் நினைவூட்டினார்.

குழுவில் மறுப்பு எழுதினேன். முழுவதையும் எழுதினேன், மழைநீர்க் குழாய், வேப்பிலை, திறந்து கிடந்த எல்போ எல்லாவற்றையும். முதற்செய்திக்கு வந்த பதில்களை எண்ணிப் பார்த்தால் இருபதுக்குக் குறையாது. இந்த மறுப்புக்கு இரண்டு கும்பிடும் கைகள் வந்தன. அதற்குள் யாரோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

உபாகமம் 19-ஆம் அதிகாரம், ஒருவன்மேல் குற்றம் நிலைக்க வேண்டுமானால் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. சாட்சி சொன்னவனையும் நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்கிறது. என் செய்தியின் கீழே எழுதியவர்கள் பலர். ஒரு வழக்குமன்றம் இத்தனை சாட்சிகளைக் கண்டிருந்தால் உடனே தீர்ப்பெழுதியிருக்கும். ஆனால் அவர்களில் ஒருவரும் எதையும் காணவில்லை. கேள்விப்பட்டவர்களை நீக்கிவிட்டால் மிஞ்சுகிற ஒரே சாட்சி நான், நானும் காணவில்லை, ஓதத்தைக் கண்டேன், அதன் காரணத்தைக் காணவில்லை. ஒன்பதாம் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டோடு ஒதுக்கி வைத்துவிட்டோம். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூண்டில் ஏறப்போவதில்லை. நாம் பிறர்மேல் சாட்சி சொல்லுகிற இடம் கைப்பேசிதான், நாள்தோறும்.

ஒரு தொழிலாளிக்குப் பெயர்தான் முதல். கடை வைத்திருப்பவருக்குக் கடை இருக்கிறது. பெயர் கெட்டாலும் போவோர் வருவோர் நுழைவார்கள். பிளம்பருக்குக் கடை இல்லை. ஒரு பையும் ஒரு இருசக்கர வண்டியும் ஒரு பெயரும் உண்டு. பண்டை உரோமையர் தண்ணீர் கொண்டுசெல்ல ஈயக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். பிளம்பர் என்ற சொல்லே ஈயத்துக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட அக்குழாய்கள் பலவற்றில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் பேரரசரின் பெயர், சிலவற்றில் வீட்டுக்காரரின் பெயர், சிலவற்றில் அந்தக் குழாயைச் செய்தவரின் பெயர். புதைத்த பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் வேலையின்மேல் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். நம் ஊர்த் தொழிலாளியின் பெயரோ அவனுடைய குழாயில் இல்லை. நம்முடைய நாவில் இருக்கிறது. அது அவனுக்கு எவ்வளவு ஆபத்தான இடம் என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது.

இனி, இரண்டாவது தவறு. இது காலத்தால் முந்தியது. அன்று இதைத் தவறென்று நான் எண்ணவே இல்லை.

எங்கள் சபையில் ஓர் இளைஞன் பிளம்பர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிறு தவறமாட்டான், வாலிபர் கூட்டத்தில் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தனியே வசிப்பவர், வீட்டில் சுடுநீர்க் குழாய் அமைக்க ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். "நம்ம சபைப் பையன் இருக்கிறானே, தங்கமான பையன்" என்றேன். அவன் தங்கமான பையன் என்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதையல்ல. அவன் செய்த ஒரு குழாய் இணைப்பைக்கூட நான் பார்த்ததில்லை. அவனை வேலைக்கு அழைத்த ஒருவரிடமும் விசாரித்ததில்லை. சுடுநீர் போகும் வழிக்கு அதன் வெப்பத்தைத் தாங்கும் சிபிவிசி குழாய் வேண்டும். அவன் கையில் மிச்சமிருந்த சாதாரணப் பிவிசி குழாயைப் போட்டுவிட்டான். வெந்நீர் ஓடியபோது அது இளகி வளைந்து, ஒரு விடியற்காலையில் இணைப்புக் கழன்று வீடெங்கும் தண்ணீர். ஆசிரியை வழுக்கி விழவில்லை. அது தேவனுடைய இரக்கம். "நீங்கள் சொன்னதால்தான் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. தொழிலை அரைகுறையாகக் கற்ற நிலையில் அவனைத் தனியே அனுப்பி வைத்தது நான். பக்தியைப் பார்த்துத் தொழிலுக்குச் சான்று கொடுத்தேன்.

பவுல் ஒருவரைப் பரிந்துரைக்கும் முறையை அதற்குப் பிறகுதான் கவனித்து வாசித்தேன். ரோமர் 16-இல், கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். நல்ல பெண் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. அவள் அநேகருக்கு உதவினாள், எனக்கும் உதவினாள் என்று தாம் பெற்றதைச் சொல்லுகிறார். பிலேமோனுக்கு எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒநேசிமுவை ஏற்றுக்கொள், அவனால் உனக்கு நஷ்டம் ஏதேனும் உண்டானால் அதை என் கணக்கில் எழுதிக்கொள், நானே செலுத்துகிறேன் என்ற கருத்தில் தம் கைப்படவே எழுதிக் கொடுக்கிறார். இதை வாசித்த நாளில் வெட்கப்பட்டேன். ஆசிரியையின் வீட்டில் புதுக் குழாய் போட்ட செலவில் பாதியை, மிகவும் தாமதமாக, கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். அவர் வாங்க மறுத்துவிட்டார் என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நம் சபைகளிலும் தெருக்களிலும் வழங்குகிற ஒரு கேள்வியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவரின் பெயரைப் பரிந்துரைத்தவுடன், "நம்ம ஆளா?" என்று சிலர் கேட்கிறார்கள். சிலர் குழுவில் கேட்பதில்லை. தனியே அழைத்துக் கேட்பார்கள். சபையைக் கேட்பது போலிருக்கும். பல வேளைகளில் அதற்குள் சாதி இருக்கும். எந்தக் குழாயும் தன்னை முறுக்கிய கை எந்தச் சாதிக் கை என்று அறிந்து ஒழுகுவதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும். நம் ஆளென்று நான் கொடுத்த சான்று ஆசிரியையின் வீட்டில் என்ன செய்தது என்று பார்த்தோம். நம் ஆளல்லாதவரை எவ்வளவு எளிதாய்க் கைவிட்டேன் என்பதையும் பார்த்தோம். குருமனையில் அந்த ஐப்பசியில் வேலை செய்தவர் நம் சபைப் பிள்ளையாயிருந்திருந்தால், குழுவில் எழுதும் முன்பு அவருடைய தகப்பனாரையாவது நான் அழைத்திருப்பேன். இதை என்னால் மறுக்க முடியவில்லை.

அப்படியானால் யாரையும் பரிந்துரைக்காமலும் குறைசொல்லாமலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மெய்யாகவே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு திரும்பாதவர்கள், நல்ல மோட்டாரைக் கெட்டுப்போயிற்று என்று மாற்றச் சொல்லுகிறவர்கள் உண்டு. தனியே இருக்கும் முதியவர்கள் அவர்களிடம் சிக்கும்போது, அறிந்தவன் மௌனமாயிருப்பதும் பாவமே. மூன்றாம் யோவான் நிருபம் ஒரே அதிகாரம். அதற்குள்ளேயே யோவான், தியோத்திரேப்பு செய்கிற தீங்கைப் பெயர் சொல்லி வெளிப்படுத்துகிறார், தேமேத்திரியுவுக்குப் பெயர் சொல்லி நற்சாட்சியும் கொடுக்கிறார். இரண்டும் செய்ய வேண்டியவைதான். தேமேத்திரியுவைக் குறித்து, எல்லாரும் சாட்சி கொடுப்பதோடு சத்தியமும் அவனுக்குச் சாட்சி கொடுக்கிறது என்று அவர் எழுதுவதை நான் வெறும் அழகான சொல்லாட்சி என்றே நினைத்திருந்தேன். இப்போது அந்த உலர்ந்த எல்போ நினைவுக்கு வருகிறது.

சொல்லும்போது கண்டதைச் சொல்லுவோம் என்பதே என் வேண்டுகோள். என் வீட்டில் என்ன வேலை செய்தார், எந்த மாதத்தில் செய்தார், எவ்வளவு வாங்கினார், கோளாறு என்று திரும்ப அழைத்தபோது வந்தாரா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தக் கைதேர்ந்தவரின் இணைப்பும் ஒருநாள் கசியலாம்; கசிகிறது என்றவுடன் வருகிறவரை நம்பலாம். அவரை அழைக்காமலே அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன்பு கொடுத்துவிடச் சொல்லுகிறது உபாகமம் 24. வேலை முடிந்து மனிதர் வாசலில் நிற்கும்போது, "சில்லறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்று அனுப்புகிறவர்கள், மாலையில் குழுவில் வந்து நல்ல ஆட்களே கிடைப்பதில்லை என்று எழுதுகிறார்கள். நல்ல ஆட்களும் நம்மைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

சென்ற வாரம் ஆலயத்தின் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு பழுதானது. அந்த ஐப்பசி மனிதரையே அழைத்தேன். வந்தார், மாற்றினார், பழைய வால்வில் உப்புப் படிந்திருந்ததைக் கையில் எடுத்துக் காட்டினார். வாலிபர் கூட்டத்துப் பையனை அன்று அவரோடு நிற்க வைத்தேன். இரண்டு வாரமாக அவரிடமே உதவியாளாகப் போய்க்கொண்டிருக்கிறான். அவர் சம்மதித்தது அவருடைய பெருந்தன்மை. கேட்ட கூலியை ஆலயப் படியிலேயே கொடுத்தோம்.

அன்று மாலை தெருக் குழுவில் இப்படி எழுதினேன்: "ஐப்பசியில் குருமனையில் வெடித்த எல்போவை மாற்றினார், இன்றுவரை கசிவு இல்லை. இந்த வாரம் ஆலயத் தொட்டியில் மிதவை வால்வை மாற்றினார். சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன தொகையையே வாங்கினார். இரண்டையும் நான் நேரில் பார்த்தேன்."

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இவரைத்தானே ஐயா முன்பு வேண்டாம் என்று எழுதினீர்கள்?"

ஆம், இவரைத்தான் என்று பதில் எழுதிவிட்டு, வேப்பிலைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.